முகாரி என்று யாரோ சொன்னார்கள்

சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கி, டிபன் பந்தி ஒரு சுற்று முடிந்து, அடுத்த சடங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. அதுவரை வழக்கமான உருப்படிகளை வாசித்துக்கொண்டிருந்த நாகஸ்வரக்காரர், சத்தம் கொஞ்சம் அடங்கியதும் ஒரு ராகத்தை எடுத்தார். அவசரமில்லாமல் ஆலாபனை செய்து, தவில்காரரைப் பார்த்துத் தலையாட்டி, ஒரு கீர்த்தனைக்குள் போனார். கல்யாண வீட்டில் மேளத்தை யார் கேட்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்வோம். அன்றைக்குக் கேட்டார்கள். நிலத்து விலை பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடக் குரலைத் தாழ்த்தினார்கள். என் பெரியப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, தாளத்துக்குக் காலைத் தட்டிக்கொண்டிருந்தார். செவ்வாய்ப்பேட்டையில் ஆயுசு முழுக்க வெள்ளி வியாபாரம் செய்தவர். கச்சேரி பக்கமெல்லாம் போனவர் இல்லை. அவர் கால் தாளம் போட்டதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாப்பிள்ளை வீட்டில் மிருதங்கம் படித்த ஒருவர் இருந்தார். ரசித்த வேகத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டார்: "ஆஹா, முகாரி! என்னமா வாசிக்கிறாரு!" பாராட்டுத்தான். ஆனால் பெரியப்பாவின் கால் நின்றுவிட்டது. எழுந்து நேராக மேளக்காரர்களிடம் போனார். "ஏனுங்க, நல்ல காரியம் நடக்கிற இடத்துல முகாரி வாசிக்கலாமுங்களா?" நாகஸ்வரக்காரர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இருந்த இடத்திலேயே அழகாக முடித்துக்கொண்டு மோகனத்துக்கு மாறினார். மண்டபம் மறுபடி பேச்சில் மூழ்கியது.

மாற்றச் சொன்னதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் பெரியவர், அவருக்குச் சங்கடமாக இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். என்னை அரித்தது வேறு விஷயம். அந்த ராகம் அதுவரை அவரை ஒன்றும் செய்யவில்லை. செய்திருந்தாலும் நல்லதைத்தான் செய்திருந்தது. பெயரைக் கேட்ட பிறகுதான் அது சோகமாயிற்று. காதுக்குள் போன அதே ஸ்வரங்கள், அதே சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல்), அதே மூச்சு. அப்படியானால் அந்தச் சோகம் எங்கே இருந்தது? முகாரியிலா, முகாரி என்ற பெயரிலா?

ஒட்டி வைத்த உணர்ச்சிகள்

ராகங்களுக்கு நம்மிடம் ஒரு பட்டியல் உண்டு. முகாரி என்றால் அழுகை. நீலாம்பரி என்றால் தூக்கம். அடாணா என்றால் வீரம். அமிர்தவர்ஷிணி மழை கொண்டுவரும். ஆஹிரியைக் காலையில் பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது. பாட்டே கேட்காத வீட்டிலும் "சும்மா முகாரி பாடாதே" என்று சொல்வார்கள். தலைவர்கள் இறந்தால் வானொலியில் நாள் முழுக்க வீணையும் சாரங்கியும் ஓடிய காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, எந்த வீணையைக் கேட்டாலும் "யாரு போயிட்டாங்க?" என்று கேட்கத் தோன்றும். பாவம், வீணை என்ன செய்யும்.

பட்டியல் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். நீலாம்பரியை மெதுவாகப் பாடினால் தொட்டில் ஆடுகிறது. தியாகராஜர் ராமனுக்கு ஊஞ்சல் பாட்டை அந்த ராகத்தில்தான் வைத்தார். அடாணாவை எவ்வளவுதான் நிறுத்திப் பாடினாலும் எந்தக் குழந்தையும் தூங்காது. ராகத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டி அது எதையும் சொல்லாது. என் வருத்தம் வேறு. அந்த எல்லைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பதற்குள், ஒற்றைச் சொல்லை ஒட்டிக் கதவைச் சாத்திவிடுகிறோம். இப்போது பாட்டு வகுப்புகளில் சின்னப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் அட்டவணை போட்டுக் கொடுக்கிறார்கள்: ராகம், ஆரோகணம் (ஏற்றம்), அவரோகணம் (இறக்கம்), ரசம் (உணர்ச்சி). கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை. ராகத்தைக் கேட்பதற்கு முன்பே குழந்தைக்கு விடை தெரிந்துவிடுகிறது.

அன்றைக்கு மண்டபத்தில் வாசித்த கீர்த்தனை தியாகராஜரின் "எந்தனினே வர்ணிந்துனு". சபரியின் பாக்கியத்தை நான் எப்படி வர்ணிப்பேன் என்று தொடங்குகிற பாட்டு. உலகம் பூராவும் முனிவர்களும் உத்தமிகளும் நிறைந்திருக்க, காட்டில் கிடந்த ஒரு கிழவிக்குக் கிடைத்ததை நினைத்து ஆச்சரியப்படுகிறார். கண்ணாரக் கண்டாள், இனிக்கிற பழங்களைக் கொடுத்தாள், உடம்பு புல்லரிக்கக் காலில் விழுந்தாள், இனிப் பிறவி இல்லை என்று ஆனாள். இதில் அழுகைக்கு எங்கே இடம்? கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு பெண்ணின் பாக்கியத்தைப் பற்றி வாசித்திருக்கிறார் அந்த மனிதர்! நாகஸ்வரத்தில் வார்த்தை கேட்காது, அவ்வளவுதான்.

இது விதிவிலக்கான ஒரு பாட்டும் கிடையாது. "காருபாரு" என்ற கீர்த்தனையும் முகாரிதான். ராமன் அயோத்தியை ஆண்டது போல நிர்வாகம் செய்ய யாரால் முடியும், ஊராரும் நாட்டாரும் முனிவர்களும் பூரித்துப் போனார்களே என்று பாடுகிறது. "ஏலாவதாரமெத்துகொண்டிவி" ராமனிடம் செல்லமாகக் கேட்கிற கேள்வி: எதற்காக இந்த அவதாரம் எடுத்தாய், போருக்கா, அயோத்தியை ஆளவா? "ஸங்கீத சாஸ்த்ர ஞானமு" சங்கீத ஞானம் தருகிற சுகத்தைச் சொல்கிறது. சங்கீதத்தால் கிடைக்கும் பேரின்பத்தைச் சொல்ல நினைத்த தியாகராஜர், அதற்கு முகாரியை எடுத்திருக்கிறார். நாம் "முகாரி பாடாதே" என்கிறோம். அழிந்துபோகிற பேருக்காகக் கலையைச் செய்தால் மறுபடி பிறக்கத்தான் வேண்டும் என்று எச்சரிக்கிற "க்ஷீணமை"யும் இதே ராகத்தில் இருக்கிறது. அதில் ஒரு கனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆக, ஆச்சரியம், பெருமிதம், கொஞ்சல், சுகம், வைராக்கியம் எல்லாம் ஒரே ராகத்துக்குள் இருந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டென்றால் அதை உருக்கம் என்பேன். சந்தோஷத்திலும் கண் நிறையும் அல்லவா, அது முகாரிக்குத் தெரியும்.

ஒரு துளை, இரண்டு தைவதம்

இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் மண்டபத்து வாசல் திண்ணையில் நாகஸ்வரக்காரர் உட்கார்ந்திருந்தார். சீவாளிக் கொத்தைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பெரியப்பா சொன்னதைத் தப்பா எடுத்துக்காதீங்க ஐயா" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. பேரைச் சொல்லாம இருந்திருந்தா கடைசி வரைக்கும் கேட்டிருப்பாரு" என்றார். அவரும் அந்தக் காலைக் கவனித்திருக்கிறார்!

முகாரியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். வாத்தியத்தை ஊதினால் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று, ஊதாமல் மடியில் வைத்து விரலை மட்டும் ஓட்டிக்கொண்டு வாயால் பாடினார். ஸ ரி ம ப நி த ஸா. அப்புறம் ஸா நி த ப ம க ரி ஸ. "இந்த விரலை மட்டும் பாருங்க" என்றார். தைவதத் துளை, அதாவது 'த' ஸ்வரத்துக்கான துளை. ஏறும்போது அந்த விரல் முழுசாகத் தூக்கியது. இறங்கும்போது அதே விரல் துளையை விட்டுப் போகாமல், பாதியை மூடியபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. "ஏத்தத்துல ஒண்ணு, இறக்கத்துல ஒண்ணு. துளை ஒண்ணுதான். பாக்கியை விரலும் மூச்சும் பார்த்துக்கணும்." மறுபடி மறுபடி செய்து காட்டினார். வாசல் டியூப்லைட் வெளிச்சத்தில், தழும்பேறின அந்த விரல் நுனி துளையின் விளிம்பில் சாய்வதையும் நிமிர்வதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாய்கிற ஒவ்வொரு முறையும் அவர் குரலும் அந்த இடத்தில் குழைந்தது.

புத்தக மொழியில் இதைச் சொல்வது சுலபம். முகாரியைப் பொதுவாக 22ஆவது மேளமான (தாய் ராகமான) கரஹரப்ரியாவில் பிறந்தது என்பார்கள். ஏறும்போது சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது அதைவிடச் சற்றுத் தாழ்ந்த சுத்த தைவதம். தாய் ராகத்தில் இல்லாத அந்த இரண்டாவது தைவதம் வெளியிலிருந்து வருவதால் இது பாஷாங்க ராகம். ஏற்றத்தில் காந்தாரம் ('க') கிடையாது, நிஷாதம் ('நி') முன்னால் போய்விட்டுத் தைவதத்துக்குத் திரும்பி வருவதால் வக்ரம், அதாவது வளைந்த போக்கு. இதையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன். விரலைப் பார்த்த பிறகுதான் படித்தது காதுக்கு வந்து சேர்ந்தது.

அப்போதும் ஒரு சந்தேகம் தீரவில்லை. இரண்டு தைவதம்தான் உருக்கத்துக்குக் காரணம் என்றால், பைரவிக்கும் அதேதானே இருக்கிறது? பைரவியும் ஏறும்போது சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். இன்னும் சொல்லப்போனால் இரண்டு ராகங்களும் எடுத்துக்கொள்ளும் ஸ்வரங்கள் ஒன்றுகூட மாறாது. பைரவியை யாரும் அழுகை என்று சொல்வதில்லை. கல்யாணத்தில் தாராளமாக வாசிக்கிறார்கள், கோயில் புறப்பாட்டில் மணிக்கணக்கில் வாசிக்கிறார்கள், கேட்கிறவர்கள் "என்ன கம்பீரம்" என்கிறார்கள். ஒரே சரக்கு. இரண்டு ராகம், இரண்டு முகம்.

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க மலையே போதும். ஏற்காட்டுக்குப் போக இரண்டு பாதை: அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறுகிற பாதை ஒன்று, குப்பனூர் வழி இன்னொன்று. கோடை விழாக் கூட்டத்தில் ஒரு பாதையில் ஏற விட்டு, மற்றதில் இறங்கச் சொல்வார்கள். முகாரி அப்படித்தான் போய் வருகிறது. ஏறுகிற வழியில் காந்தாரம் என்ற ஊரே கிடையாது. ரிஷபத்திலிருந்து ('ரி') மத்யமத்துக்கு ('ம') ஒரே தாவு. இறங்குகிற வழியில்தான் சுத்த தைவதத்தையும் காந்தாரத்தையும் பார்க்கிறோம். பைரவியோ ஏறும்போதும் காந்தாரத்தில் நின்று, அதை நன்றாக ஆட்டி, நிதானமாக மேலே போகிறது. எந்த ஸ்வரத்தில் வேண்டுமானாலும் இருந்து கொள்ளும். முகாரிக்கு அந்த நிதானம் கிடையாது. விறுவிறுவென்று ஏறிவிட்டு, இறங்கும்போது மட்டும் ஒவ்வொன்றையும் தொட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டு வருகிறது. அதன் மனசு இறக்கத்தில் இருக்கிறது. இது எந்தப் புத்தகத்திலும் படித்தது இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டது. ஆனால் இதை நம்புகிறேன்.

ராகத்தின் கட்டமைப்பு என்று நாம் எழுதி வைக்கிற ஆரோகண அவரோகணம், அந்த ராகம் எந்தெந்த ஸ்வரத்தின் வழியாகப் போகலாம் என்பதை மட்டும் சொல்கிறது. எங்கே நிற்க வேண்டும், எதை ஆட்ட வேண்டும், எதைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும், எந்தப் பிடி (சிறு ஸ்வரக் கோவை) வந்தால் ராகம் பளிச்சென்று தெரியும் என்பதை அது சொல்வதில்லை. இதற்கு ஆரபியையும் தேவகாந்தாரியையும் விடச் சாட்சி வேண்டாம். இரண்டுக்கும் காகிதத்தில் ஒரே ஸ ரி ம ப த ஸ, ஒரே ஸ நி த ப ம க ரி ஸ. தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகளில் வரும் "ஸாதிஞ்செனே" ஆரபி, துள்ளிக்கொண்டு போகிறது. "க்ஷீரஸாகர ஸயன" தேவகாந்தாரி. ரிஷபத்தில் ஒரு முறை அசைந்து நின்றால் மனசு இளகிவிடும். ஒன்றை இன்னொன்றாக யாராலும் மாற்றிக் கேட்க முடியாது.

பெரியப்பா சொன்ன கணக்கு

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து, காப்பிக்கொட்டையும் மிளகும் வாங்க ஏற்காட்டுக்குப் போனபோது பெரியப்பாவும் வண்டியில் வந்தார். கோடை மழை பெய்து முடிந்திருந்தது. அடிவாரம் தாண்டியதும் அன்றைக்கு நடந்ததை நானே எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கு ராகம் எல்லாம் என்னடா தெரியும். அந்தப் பேரைக் கேட்டதும் எங்கப்பாவை எடுத்த நாள் ஞாபகம் வந்துருச்சு. அன்னைக்கு மேளக்காரங்க முகாரி வாசிச்சாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அந்தப் பேரு அப்படியே நின்னு போச்சு" என்றார். எனக்கு அதற்கு மேல் பேச வாய் வரவில்லை. அவருக்கு அது வெறும் பட்டியல் கிடையாது. அப்பா போன நாள் அது.

கொஞ்ச தூரம் போனதும் அவரே, "அந்தப் பாட்டு உன்கிட்ட இருக்கா? போடு, கேக்கறேன்" என்றார். ஒளித்து வைத்துப் போட எனக்கு விருப்பமில்லை. இது முகாரி, சபரியைப் பற்றிய பாட்டு, இன்ன அர்த்தம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் போட்டேன். சபரி கதை அவருக்குத் தெரியும். வளைவுகளில் வண்டி திரும்பத் திரும்ப, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் சற்று யோசித்து ஒன்று சொன்னார்.

"இது வேற மாதிரி இருக்குது. அன்னைக்கு இவ்வளவு ஓட்டமா வாசிக்கல. இழுத்து இழுத்து வாசிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் கீழ வந்து வந்து நிப்பாட்டுவாங்க. மேல போகவே மாட்டாங்க."

இதைக் கேட்டதும் வண்டியை ஓரமாக நிறுத்தலாமா என்று தோன்றியது எனக்கு. ஸ்வரம் ஒன்றின் பெயரும் தெரியாத மனிதர், பல வருஷத்துக்கு முந்தின ஒரு நாளைக் காதில் வைத்துக்கொண்டு, நான் புத்தகத்திலும் திண்ணையிலும் தேடியதைச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வாசித்தது முகாரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதில் பாதிதான் இருந்திருக்கிறது. ரிஷபத்திலிருந்து தாவி ஏறுகிற முகாரியை விட்டுவிட்டு, இறங்குகிற முகாரியை மட்டும் எடுத்து, காலத்தையும் (வேகத்தையும்) குறைத்துவிட்டால் என்ன மிஞ்சும்? சுத்த தைவதமும் இறங்குகிற காந்தாரமும்தான் மிஞ்சும். அது அழாமல் என்ன செய்யும். துக்க வீட்டில் அது பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். வாசித்தவருக்குத் தன் வேலை தெரிந்திருக்கிறது. தியாகராஜரின் சபரிக்கு ஏற்றமும் வேண்டியிருந்தது. அவள் காத்திருந்தாள், வந்துவிட்டான் என்று துள்ளியும் எழுந்தாள். மத்யம காலத்தில் (நடுத்தர வேகத்தில்) சதுஸ்ருதி தைவதத்தைத் தொட்டு மேல் ஷட்ஜத்துக்கு ('ஸ') போகும்போது அந்தத் துள்ளல் கேட்கிறது, திரும்பும்போது கண் நிறைகிறது.

பாவம், அதாவது ராகம் தரும் உணர்ச்சி, ராகத்தின் பெயரில் இருக்கிறது என்பவர்களுக்கும், எந்த ராகத்திலும் எதையும் பாடலாம் என்பவர்களுக்கும் பெரியப்பா சொன்னதுதான் என் பதில். ராகத்தின் எந்தப் பகுதியை, எந்தக் காலத்தில், எவ்வளவு நேரம் நமக்குக் காட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது பாவம். அவர் இதற்கு மேல் முகாரியை விரும்பிக் கேட்கிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

முகாரி ஆதியிலிருந்தே சோகம்தான் என்று சொல்கிறவர்களுக்கு இன்னொரு தகவல். ராமாமாத்யர் 1550இல் எழுதிய ஸ்வரமேளகலாநிதி என்ற சங்கீத நூலில் முதல் மேளத்தின் பெயரே முகாரி. எல்லா ஸ்வரமும் சுத்த ஸ்வரமாக இருந்த மேளம் அது. இன்றைய கணக்கில் முதல் மேளமான கனகாங்கியின் இடம். அடுத்த நூற்றாண்டில் சதுர்தண்டீ பிரகாசிகை எழுதிய வேங்கடமகிக்கும் முகாரி என்றால் அதுதான். இன்று நாம் கேட்கிற முகாரிக்கும் அதற்கும் ஸ்வரத்திலேயே ஒற்றுமை குறைவு. பெயர் நின்றது, உள்ளே குடியிருந்தது மாறிவிட்டது. இத்தனை நூற்றாண்டாக ஒரே உணர்ச்சியை அந்தப் பெயர் எப்படிச் சுமந்திருக்க முடியும்?

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்கிற வழி இது. முதலில் பைரவியில் பச்சிமிரியம் ஆதியப்பய்யரின் "விரிபோணி" வர்ணத்தைக் கேளுங்கள். இடைவெளி விடாமல் அடுத்து "காருபாரு". வேறு எதையும் தேட வேண்டாம், காந்தாரத்தை மட்டும் தேடுங்கள். பைரவியில் ஏறும்போதும் அது ஆடிக்கொண்டு நிற்கும். முகாரியில் ஏறும்போது அந்த இடம் காலியாக இருக்கும், திரும்பி வரும்போதுதான் வந்து சேரும். அது பிடிபட்ட பிறகு தைவதத்துக்குப் போகலாம். இரண்டு ராகத்திலும் அது வருவதால் வித்தியாசம் தெரியக் கொஞ்ச நாள் ஆகும். குரலில் பிடிபடவில்லை என்றால் நாகஸ்வரத்தில் கேளுங்கள், சீக்கிரம் தெரிந்துவிடும்.